மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

அவள் கோவில் பங்கு அலுவலகத்துக்கு வந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவள் யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். கிழமைகளையும் நேரங்களையும் மாற்றவில்லை.

எங்கள் கோவிலில் பதிவேடு எழுதுவது என் வேலை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். என் பக்கங்களில் அடித்தல் திருத்தல் இருக்காது. அவளுடைய ஞானஸ்நானத்தை எனக்கு முன்னால் இருந்தவர் எழுதினார். சிறுமியாக முதல் தடவை நற்கருணை வாங்கியபோது, முதல் நன்மைச் சான்றிதழை நான் எழுதினேன். இப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. பி.எட். படித்துக்கொண்டே, மாலையில் வீடுகளுக்குப் போய் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இரும்பு அலமாரியில் சாய்ந்து நின்றாள். தலைமுடி ஈரமாக இருந்தது. முந்தின நாள் மாலை ட்யூஷன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டார் எல்லாரும் யாரையோ பார்க்க நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அவளிடம் படிக்கும் குழந்தையின் தாய்மாமன், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவன், மட்டும் இருந்தான். “பிள்ளை இப்ப வந்துரும், இரு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு நடந்ததை அவள் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அந்த நாலையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன்.

“அக்கா, நான் இப்ப என்ன செய்யணும்?”

எனக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். “வீட்டுல சொன்னியா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“மொதல்ல அம்மைக்கிட்ட சொல்லு மக்கா. அம்மை இல்லாம நாம ஒண்ணும் செய்யக் கூடாது. நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வா, ஃபாதர்கிட்ட பேசுவோம்.”

“வீட்டுக்கா போகச் சொல்லுதியோ?”

“பின்னே?”

பதினொன்று ஐந்துக்குக் கிளம்பிப் போனாள்.

என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். குளித்திருந்தாலும் பரவாயில்லை, உடுத்திருந்ததைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போலீஸ் புகார் இருந்தால்தான் பார்ப்போம் என்று அவர்கள் சொல்லக் கூடாது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் கையெழுத்தும் வேண்டாம். கோவில் வாசலிலேயே ஆட்டோ நின்றது. அரை மணி நேரப் பயணம். நான் அவளை எதிர்த் திசையில் அனுப்பினேன்.

அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தன் தம்பியிடம் சொன்னாள். தம்பி அந்த ட்யூஷன் வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை காலை அம்மாவும், அந்தத் தம்பியான அவள் மாமாவும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“எக்கா, நல்ல காரியம்” என்றார் மாமா. “ஓலை எழுதணும்.”

எங்கள் கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்களின் பெயரை வாசித்து அறிவிப்பதற்கு ஓலை என்று பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி வரும். விண்ணப்பத்தை எழுதுவதும் நான்தான்.

மாப்பிள்ளை பெயரை மாமா சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பையன் தங்கம், கேட்டேளா” என்றார் மாமா. “நான் போயி ஒரு சத்தம் போட்டேன். ‘நான் கெட்டிக்கிடுதேன் மாமா’ன்னு ஒத்த வார்த்தை. இந்தக் காலத்துல எவன் சொல்லுவான்? வேற ஒருத்தன்னா அடுத்த பிளேன்ல ஏறியிருப்பான்.”

“அவ என்ன சொல்லுதா?”

“அவளா? அவ என்னத்தச் சொல்லதுக்கு?”

லீவு முடியப் போகிறது, ஒரே ஞாயிற்றில் வாசித்து முடிக்க முடியாதா என்று கேட்டார். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், கிடைக்காது, மூன்று ஞாயிறும் வாசித்தே ஆக வேண்டும் என்றேன். அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவளுக்கு மூன்று வாரம் வாங்கிக் கொடுத்துவிட்டதாக அன்று நினைத்தேன். நாட்குறிப்பில் அந்த வரிக்குக் கீழே கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

கெடுத்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் தண்டனை இல்லை என்று சில நாடுகளில் சட்டமே இருந்ததாகவும், அதை ஒவ்வொன்றாக நீக்கி வருவதாகவும் எப்போதோ பேப்பரில் படித்திருந்தேன். அந்த நாடுகளை நினைத்துப் பரிதாபப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. மாமாக்கள் இருக்கிறார்கள்.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது கொடிமரத்தடியில் பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள்.

“ஏட்டி, கேட்டியா? ட்யூஷன் சொல்லிக் குடுக்கப் போன வீட்டுக்கே மருமகளாப் போறா.”

“நானும் நாளையிலேந்து சிலேட்டத் தூக்கிட்டு எறங்கப் போறேன்.”

“ஒனக்கு எவன்டீ கதவத் தொறப்பான்?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

திங்கட்கிழமை பங்குத்தந்தையிடம் சொன்னேன். சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை. கேட்டு முடித்ததும், “இது தடைதான்” என்றார். “கட்டாயப்படுத்திச் செய்தா அது கல்யாணமே இல்ல. ஆனா அவ சொல்லணும். நீங்க சொன்னாப் போதாது.” மறுநாள் அவளை வரவழைத்துத் தனியாகப் பேசினார். இருபது நிமிடம். நான் வராந்தா பெஞ்சில் அவள் அம்மாவோடும் மாமாவோடும் உட்கார்ந்திருந்தேன். மாமா, போன வருடம் பலாக்காய் எவ்வளவு நன்றாகக் காய்த்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு பங்குத்தந்தை வெளியே வந்தார். “மூணு தடவை கேட்டேன். சம்மதம்னுதான் சொல்லுதா.”

“வெளிய மாமா இருந்தா அப்படித்தானே சொல்லுவா ஃபாதர்?”

“பின்ன நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.” அவர் சலித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே கேட்டார்.

புதன்கிழமை பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். அவள் மேஜர், அவளாகப் பேச வேண்டும், அல்லது என்னோடு வர வேண்டும், எப்போது வந்தாலும் பார்த்துக்கொள்வோம், தங்கவும் இடம் உண்டு, சில நாட்களுக்கு என்றார். எல்லாவற்றையும் எண் போட்டுக் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு, ஆதார் நகல் தெளிவில்லை என்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பி போட உள்ளே போனாள். இவள் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே நின்றாள்.

“பிள்ளே, நான் எல்லாம் விசாரிச்சிட்டேன். நீ கூட வந்தாப் போதும். நாளைக்குக் கோட்டாறுல சேலை எடுக்கப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்பிருவோம்.”

“போயிட்டு?”

“அங்க தங்கலாம்.”

“எத்தன நாளு?”

“கொஞ்ச நாளு.”

“பெறவு?”

என் வீட்டுக்கு வா என்று சொல்லியிருக்கலாம். மகன் பெங்களூருக்குப் போன பிறகு ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. அந்தச் சொல் வாய்வரை வந்தது. கூடவே என் கணவரின் முகமும், வாசலில் வந்து நின்று சத்தம் போடும் அவள் மாமாவும், கொடிமரத்தடிப் பெண்களும் வரிசையாக வந்தார்கள். நான் சொல்லவில்லை. நான் சொல்லாததை அவள் கவனித்தாள் என்றே நினைக்கிறேன்.

“தங்கச்சிக்கு இப்ப பத்தொம்பது” என்றாள். “நான் கேஸ் குடுத்தா அவளயும் ஒருத்தனும் கெட்டமாட்டான்னு அம்மை அழுவுதா. அண்ணைக்கி அவன் ஒருத்தந்தான் அக்கா செஞ்சான். இப்ப எல்லாருமாச் சேந்து செய்யுதாவ.”

அம்மா காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது ஞாயிறு போயிற்று. மூன்றாவது ஞாயிறு, வாசிக்கும்போது எழுந்து நிற்பது என்று தீர்மானித்துத்தான் கோவிலுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு வாக்கியமாக எழுதி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்ற வரி வந்தது. வழக்கமாகப் பங்குத்தந்தை அங்கே நிறுத்தமாட்டார், மூச்சுவிடாமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். அன்று நிறுத்தினார். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். காத்திருந்தார் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். பின்னால் ஏதோ ஒரு குழந்தை இருமியது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த அவள் முக்காட்டோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

எழு என்று பார்த்தாளா, எழுந்துவிடாதே என்று பார்த்தாளா, எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்காமல் அவள் கதையை முந்நூறு பேர் முன்னால் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அந்த நேரத்தில் தோன்றியது. அது நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழாமல் இருந்தது அதனால்தானா என்பதை என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. பங்குத்தந்தை அடுத்த அறிவிப்பை வாசித்தார். மருத்துவ முகாம் பற்றியது.

எட்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பதிவேட்டை நான் நீட்டினேன். அவன் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். அவள் கோட்டுக்குள் அடங்கும்படி சிறிதாகப் போட்டாள். இரண்டு சாட்சிகளில் ஒருவர் மாமா.

நாலு மாதம் கழித்து அவள் தனியாக அலுவலகத்துக்கு வந்தாள். விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும், அவன் அங்கே கூப்பிடுகிறான் என்றாள். மெலிந்திருந்தாள். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். விட்டாச்சு என்றாள். அறையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தப் போனேன். கதவுச் சத்தம் கேட்டதும் அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். கதவைத் திறந்தே வைத்தேன்.

“இப்பவும் நேரம் போகல மக்கா” என்றேன். “நீ அங்க போயிட்டா யாரு இருக்கா? இப்பச் சொல்லு, நானே கூட வாறேன். என் வீட்டுல நில்லு.”

அவள் கோபப்படவில்லை. “அண்ணைக்கி நான் ஒங்ககிட்ட வந்தது வீட்டுக்குப் போவாண்டாம்னுதான் அக்கா” என்றாள்.

சான்றிதழை எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் தன் பெயரில் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தன. வடசேரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் போனாள்.

இப்போது ஓலை எழுத வருகிறவர்களில் பெண்ணை மட்டும் ஐந்து நிமிடம் தனியாக இருக்கச் சொல்கிறேன். பங்குத்தந்தையிடம் கேட்டுத்தான் இந்த ஏற்பாடு. போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, “ஒன்னை யாராவது கட்டாயப்படுத்துதாவளா பிள்ளே?” என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. “இதென்னக்கா கேள்வி, கல்யாண வீட்டுல!” என்று சிரித்தாள். பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்து எதையும் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். இல்லை என்றாள். விண்ணப்பத்தை எழுதி முடித்தேன்.