வலது காதில் ரயில்

காலையில் ரயில் வலது காதில் கூவியது. கட்டிலிலிருந்து காலை இறக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறவியிலேயே பார்வையில்லை, படிப்புமில்லை. எனக்குத் திருத்தணி என்றால் இரண்டு காதுதான்: வலதில் மலைக்கோயில் மணி, இடதில் ரயில்.

வெள்ளைக்காரன் காலத்தில், ஒருநாள் ரயில் பாதையோரம் அக்கா புருஷன், என் பாவா, சிறுவனான என்னை விளையாட்டாகத் தூக்கிச் சுற்றி இறக்கினார். மணி ஓய்ந்திருந்தது.

"கோயிலு எந்தப் பக்கம்டா?"

"இதுகூடத் தெரியாதா பாவா?"

கோயில் இன்னும் வலப்பக்கம்தான் என்று அந்தப் பக்கமே மேதாவியாக நடந்தேன். காலில் ஜல்லி குத்தியது. எதிரே ரயில் கூவியது. எந்தப் பக்கம் ஓடுவது?

"டேய், தண்டவாளம்டா!" பாவா இழுத்துப் போட்டார்.

மருமகளைக் கூப்பிட்டேன். "கட்டிலத் திருப்பிட்டியாம்மா?"

"ஆங் மாமா, ராத்திரி நீங்க தூங்கறப்போ, காத்து வரும்னு."

"காத்தோட ரயிலும் வருதும்மா. கையக் குடு, எறங்கறேன்."