புத்தகத்தில் இல்லாத தங்கச்சி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் நாற்பத்தைந்து பேர் ஏறுவோம். நாற்பத்திரண்டு பேர் தூங்குவார்கள். மீதி மூன்று பேர் வேற்றுக் கிரகங்களைப் பற்றிப் பேசுவோம்.

நான் பென்னலூரில் ஏறுவேன். என்ஜினியரிங் முடித்துவிட்டு, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னி. எனக்கு முன்பே மண்ணூரில் ஏறி இடம் பிடித்து வைத்திருப்பார் ஓர் அக்கா. பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவர். ஏழு வருடமாக லீக் டெஸ்டில் இருக்கிறார். பம்ப்பின் மூடியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளே காற்றைச் செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அதுதான். எங்களுக்குப் பின் சீட்டில் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். மூவருக்கும் ஒரே ஷிஃப்ட். மாயாஜாலம், விண்வெளி என்றால் மூவருக்கும் ஒரே பைத்தியம்.

ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டியதும் எங்கள் ‘ஹேண்ட் ஓவர்’ தொடங்கும். ஃபேக்டரியில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது வரும்போது மிஷின் எப்படி ஓடியது, எது பழுது, எது பாக்கி என்று நோட்டில் எழுதி ஒப்படைப்பார்கள் இல்லையா, அதையே நாங்கள் படிக்கும் புத்தகத்துக்குச் செய்தோம். எத்தனையாவது பக்கம், நேற்றிலிருந்து என்ன நடந்தது, என்ன தொக்கி நிற்கிறது. அவ்வளவுதான். கேட்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதால் அதற்குள் முடித்தாக வேண்டும்.

அண்ணன் போனில் ஒரு பெரிய தொடரின் ஏழாவது பாகத்தில் இருந்தார். “முந்நூத்தி பன்னெண்டு. டிராகன் இன்னும் முட்டைக்குள்ளதான் கிடக்கு” என்பார். பக்கம் மட்டும் தினமும் மாறும். அக்கா ஒரு செயலியில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வரும் சூனியக்காரி கதையைப் படித்தார். “நேத்து கதவ தொறந்தா. இன்னிக்கு அதே கதவ திரும்ப தொறக்கறா. முட்ஞ்சிச்சு.”

என்னுடையது பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த ஆங்கில நாவல். ஒரு கிரகம் முழுக்க உறைந்த கடல். பனிக்கு மேல் ஒரு சின்ன நிலையம். அங்கே ஒருத்திக்கு வேலையே பனிக்கடியில் கேட்கும் சத்தங்களைக் கேட்டுக் குறித்து வைப்பதுதான். ஒரு நாள் அடியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். அக்கா இந்தக் கதைக்கு விழுந்துவிட்டார். தன் தொட்டியைப் போலவே இருக்கிறது என்றார்.

நூற்று அறுபதாம் பக்கம் வரை ஒழுங்காகத்தான் படித்தேன். பிறகு எங்கள் செக்‌ஷனில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்கள் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது, ஓ.டி. வாரத்தில் நாலு நாள். ஷிஃப்ட் வேறு வாரா வாரம் மாறும். உடம்புக்கு எது காலை, எது சாயங்காலம் என்றே தெரியாமல் போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இருநூறு பக்கம் படித்தவள், ஒரே பத்தியை மூன்று தடவை படித்துவிட்டு, யார் பேசுகிறார்கள் என்று மறந்துபோய், நாலாவது தடவை தொடங்குவேன். பகல் பதினொரு மணிக்கு, ஹாஸ்டல் மோட்டார் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருக்க, புத்தகம் மார்மேல் கிடக்கத் தூங்கிப்போவேன்.

அப்படி ஒரு தூக்கத்தில் கதை தானாக ஓடியது. தட்டுவது அந்தப் பெண்ணின் தங்கச்சி. பல வருடம் முன்னால் பனிக்கடியில் இறங்கித் திரும்பாமல் போனவள். அதை அன்றைக்கு பஸ்ஸில் சொன்னபோது படித்ததைச் சொல்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. பாதித் தூக்கத்தில் இருந்த அக்கா முழுசாக என் பக்கம் திரும்பிவிட்டார்.

“அவ தங்கச்சியா பனிக்கு கீய கீறா? உயிரோடவா?”

ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். தங்கச்சி என்று யாருமே இல்லை. மறுநாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஏறும்போதே அக்கா, “தங்கச்சிக்கு பனிய தொறந்தாளா?” என்று கேட்டார். மூன்று நாளாக ஒரு பக்கமும் படிக்காத அலுப்பில், படிக்கவில்லை என்று சொல்லவும் வெட்கப்பட்டு, இன்னும் திறக்கவில்லை, தங்கச்சி குரல் மட்டும் கேட்கிறது என்றேன். மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். இத்தனைக்கும் அதே மாதம்தான், அளந்து பார்க்காமல் உட்கார்ந்த இடத்திலேயே செக் ஷீட்டை நிரப்பினார் என்று லைனில் ஒருவரை நானே மாட்டிவிட்டிருந்தேன்.

சொல்ல எதுவும் மிச்சமில்லாதபோது, புத்தகம் முடிந்துவிட்டது, முடிவைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று கையைக் கழுவிவிட்டேன்.

அக்கா கையை நீட்டினார். “அப்ப குடு. நானே பட்ச்சிக்கிறன்.”

அவர் அதுவரை ஓர் ஆங்கிலப் புத்தகமும் படித்ததில்லை. பத்துப் பக்கத்தில் கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படி நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் சூனியக்காரியை நிறுத்தினார். தெரியாத வார்த்தையைப் போனில் தேடி, பென்சிலால் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். போன்தான் உள்ளே போகாது, புத்தகம் போகும். டீ பிரேக்கிலும் கேன்டீன் மேஜையில் விரித்து வைத்திருந்தார். கலெக்டர் பரீட்சையா என்று லைனில் கிண்டல் செய்தார்கள். ஒரு நாளைக்கு நாலு பக்கம்.

“இருவத்தாறு. தங்கச்சி இன்னும் வர்ல.”

“எம்பத்தெட்டு. தட்றது ஆரம்பிச்சிச்சு. தங்கச்சி வர்ல.”

ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஏறுவேன். கண் எரியும், இரண்டு நிமிடம் கழித்துச் சொல்லலாம் என்று தலையைச் சாய்ப்பேன், அண்ணனின் டிராகன் முட்டையோடு கேட் வந்துவிடும்.

நூற்று எழுபதைத் தாண்டிய பிறகு, மூன்று நாள் அக்காவின் பக்க எண் நகரவே இல்லை. நானே கேட்டேன், என்ன ஆச்சு என்று.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்குதான் இங்கிலீஷ் புரியல போலகீது. நீ சொன்ன எடம் தாண்டிச்சு. எங்கியோ உட்டுட்டன். அந்த இருவது பக்கத்த மூணு வாட்டி பட்ச்சன்பா, ஒரு வார்த்த உடாம. தங்கச்சிய காணோம்.”

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. “உங்க மேல தப்பு இல்லக்கா. புக்ல தங்கச்சியே கிடையாது. தூக்கத்துல எனக்கு வந்தது அது.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து.

“உனுக்கு எப்ப தெரியும்?”

“சொன்ன அன்னிக்கே.”

“நான் முட்டாள்னு நெனச்சிகினு கீறன், மூணு நாளா.”

பின்னாலிருந்து அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். “விடுங்கக்கா. சின்னப் பிள்ள. உறக்கச் சடவுல சொல்லிட்டுது.”

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சத்தமே போடாமல்.

“தூக்கம் உனுக்கு மட்டுமா வர்து? எட்டு மணி நேரம் தண்ணிய பாக்கறன். எனக்கு கண்ணு சொருகாதா? வராத குமிழிய வந்துச்சின்னு ஒரு நாளு எழ்தனனா?”

நான் மன்னிப்புக் கேட்டதுகூட கேட்டில் போனை லாக்கரில் வைக்கும் தள்ளுமுள்ளில்தான். அவர் காதில் விழுந்ததா தெரியாது.

புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. மறுநாளும் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். என்னோடு பேசத்தான் இல்லை. ஹேண்ட் ஓவர் நேரத்தில் பின் சீட்டுப் பக்கம் திரும்பி அண்ணனிடம் மட்டும் சொன்னார். பக்க எண்ணைக் கேட்டதும்தான் உறைத்தது. நூற்று அறுபதோடு நான் நின்றுவிட்டேன். அதற்கு அப்புறம் அந்தப் பனிக்கடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை ஏறியதுமே தெரிந்தது, அக்கா முகம் வேறு மாதிரி இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டுகிற வரைகூடப் பொறுக்கவில்லை.

“ண்ணா, எரநூத்தி முப்பத்தொண்ணு. தட்றது யாருன்னு தெரிஞ்சிச்சு.”

பின்னாலிருந்து அண்ணன் சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அக்கா தொடங்கினார். நிலையத்தில் விளக்கு அணைகிறது, அந்தப் பெண் பனியில் காதை வைக்கிறாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முந்தின நாள் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். முன்னால் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள், பஸ் ஊர்ந்தது. அவள் திருப்பித் தட்டுகிறாள் என்பது வரை காதில் விழுந்தது.

கேட்டில் அண்ணன்தான் தோளைத் தட்டி எழுப்பினார். அக்கா இறங்கிப் போய்விட்டிருந்தார். யாருண்ணே தட்டினது என்று கேட்டேன்.

“என்னத்துக்கு எங்கிட்ட கேக்க? படிச்சது அவங்கள்லா. அவங்ககிட்ட கேளு.”

இன்னும் கேட்கவில்லை. அக்கா இப்போது இருநூற்று தொண்ணூறில் இருக்கிறார்.