வாசலில் இருந்த காக்கிச்சட்டை

பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து பல வருடங்களாகியும் வேலை வரவில்லை. வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு மனு கொடுக்க, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிக் கோவை போனேன்.

அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காக்கிச்சட்டைக்காரர், "ஆபீசர் கேம்ப் போயிட்டாருங்க அம்மணி, அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த முறை, "எதுக்குங்க வீணா அலையறீங்க? ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துப்போட்டுப் போங்க, நானே உள்ள சேத்திடறேன்" என்று கையை நீட்டினார்.

பையிலிருந்து எடுத்தேவிட்டேன். ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது உறுத்தியது. "அப்பாவைக் கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்று நகர்ந்தேன். பக்கவாட்டு வழியாகத் தண்ணீர்க்குடத்துடன் உள்ளே போன ஓர் அம்மாவிடம் ஆபீசர் எப்போது வருவார் என்று விசாரித்தேன்.

"காலைல இருந்து உள்ளதான இருக்காரு கண்ணு!"

"கேம்ப் போயிட்டாருன்னு வாசல்ல உங்க பியூன் சொன்னாருங்களே?"

"இங்க பியூன் நான்தானுங்க!"

இருவரும் வாசலுக்கு ஓடினோம். ஸ்டூல் மட்டும் கிடந்தது.

உள்ளே போய் நடந்ததைச் சொன்னதும், மனுவை வாங்கிய அதிகாரி திகைத்துப்போனார். "போன மாசம் ஒருத்தர் பியூன்கிட்ட சர்டிபிகேட் குடுத்தேன்னு அழுதாருங்க. நாங்கதான் நம்பலை" என்றார்.

எனக்கு உதவித்தொகை வெகு தாமதமாகத்தான் வந்தது. இப்போதெல்லாம் எந்த அலுவலகத்திலும் அதிகாரி இல்லை என்று வாசலில் யார் சொன்னாலும், உள்ளே போய் அவருடைய நாற்காலியை என் கண்ணால் பார்த்த பிறகே திரும்புகிறேன்.