பரணிலிருந்து இறங்கிய பன்னிரண்டு ஸ்டூல்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்குத் தி.நகரில் மூன்று மாடிப் பாத்திரக் கடை, ஈக்காட்டுத்தாங்கலில் குக்கர் கைப்பிடி செய்யும் பட்டறை, அடையாறில் மகளுக்கு ஒரு வீடு. எல்லாம் நான் நின்று சம்பாதித்தது. நின்று என்றால் நிஜமாகவே நின்று. நாற்பது வருஷம் வியாபார நேரத்தில் நான் உட்கார்ந்ததில்லை, யாரையும் உட்கார விட்டதுமில்லை. சேல்ஸ் ஆட்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பன்னிரண்டு ஸ்டூல் வாங்கி, இன்ஸ்பெக்டர் வந்தால் இறக்கிக்கொள்ளலாம் என்று பரணில் அடுக்கிய கெட்டிக்காரன் நான்.

அப்படிப்பட்ட என்னை உட்கார வைத்தவள் என் பேத்தி. எடை ஒரு கிலோ நூறு கிராம். எங்கள் கடை ரெண்டு லிட்டர் குக்கர் அதைவிடக் கனம்.

மகள் செல்விக்கு இரட்டைப் பிள்ளைகள் இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டன. மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு இன்குபேட்டரில். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கரை சேர மூன்று வாரம் ஆகும்.

பத்தாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "பையன் பரவாயில்ல. பொண்ணுக்கு எடை ஏறல, உடம்புல சூடு நிக்கல. அப்பப்ப மூச்சு விட மறந்துடறா. ரெண்டு பேரையும் நெஞ்சோட நெஞ்சா வெச்சுக்கணும். அம்மா ஒருத்தர்தானே இருக்காங்க?"

"என் நெஞ்சு இருக்கே" என்றேன். என் பனியன் சைஸ் நூற்றிப் பத்து.

வாசலிலேயே மறித்தார் சிஸ்டர் ரோசி. பட்டினப்பாக்கத்துப் பெண். "இன்னா தாத்தா, கோயில் கதவத் தொறந்தா மாதிரி வாசனை? ஜவ்வாது, விபூதி எல்லாத்தையும் கழுவிக்கினு வாங்க. மோதிரம், போனு வெளிய."

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, குல்லாவும் டயப்பருமாகப் பேத்தியை என் வெற்று மார்பில் படுக்க வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார். "ஒரு மணி நேரம். ஆடக் கூடாது."

ஐந்தாம் நிமிஷமே கால் பரபரத்தது. கல்லாவில் யார் நிற்கிறானோ, லோடு இறங்கியதோ? மணி பார்க்கலாம் என்று பாதி எழுந்தேன். பிள்ளையின் கழுத்து மடங்கி, மானிட்டர் கத்தியது.

ரோசி ஓடி வந்து கழுத்தை நேராக்கி முதுகைத் தேய்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் மனசு எண்ணியது. நாலில் மூச்சு வந்தது.

"எங்க தாத்தா ஓடறீங்க?"

"வேலை கெடக்கும்மா."

"இப்ப குந்திக்கினு கீறீங்களே, இதான் வேலை. உங்க சூட்டுலதான் அவ இருக்கறா. கம்முனு குந்துங்க."

என்னை அப்படி ஒருத்தரும் பேசியதில்லை. குந்தினேன்.

அதன்பிறகு காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நாலாம் நாள் எடை இருபது கிராம் ஏறியது. நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது. ரோசி என்னை மறுபடி திட்டினார்.

அன்றைக்குக் கடையிலிருந்து முருகேசன் வந்திருந்தான். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் சேல்ஸில் இருப்பவன். வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இடம் இருந்தும் அவன் நின்றான், இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி.

"ஏலே, உக்காருல."

"வேண்டாம் அண்ணாச்சி, பழகிட்டு."

உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்கு அவன் கெண்டைக்கால் நேராகத் தெரிந்தது. நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அன்று மாலையே பரணிலிருந்து பன்னிரண்டு ஸ்டூலையும் இறக்கினேன். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. கடை வைக்கப்போகிற பிள்ளைகளே, நிற்பவன் மட்டும்தான் உழைக்கிறான் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்து நாற்பது வருஷத்தைக் கழித்தவன்.

நாற்பத்தோராம் நாள் இரண்டும் வீடு வந்து சேர்ந்தன. இப்போது பேத்திதான் அண்ணன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள்.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி. யார் எத்தனை மணி நேரம் பிள்ளையை நெஞ்சில் வைத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை எழுதுவார்கள். அதில் கட்டம் இரண்டுதான்: தாய், தந்தை. என் நேரத்தையெல்லாம் ரோசி தந்தை கட்டத்தில் எழுதிவிட்டார். மாப்பிள்ளை அதை ஃப்ரேம் போட்டு அடையாறு வீட்டு ஹாலில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். நல்ல மனிதர். வந்த பிறகு அவரும் உட்கார்ந்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டையின் முதல் பதினோரு நாளும் அவர் இருந்தது நடுக்கடலில். ஃப்ரேமைக் கழற்றி அந்தப் பதினோரு நாளுக்கு நேராக 'தாத்தா' என்று எழுத வேண்டும். பேனா நான் தருகிறேன். அதுவரை அந்த ஹாலில் நான் உட்கார மாட்டேன்.