செல்வியின் கம்பெனியில் ஒரு நாள்

2007-இல், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு கும்மிடிப்பூண்டியிலிருந்து போன் வந்தது. என் மனைவி செல்வி பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த கம்பெனி. பண்டிகையன்று லீவு என்பதால் மறுநாளே மிஷின்களுக்குப் பூஜை, அவசியம் வரவேண்டும் என்றார்கள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆறு வருடம் அவள் போய்வந்த இடத்தை நான் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் நான் கிளம்பியதற்குக் காரணம் வேறு. வீட்டில் நானும் பன்னிரண்டாவது படிக்கும் மகள் கவிதாவும் செல்வி பேரைச் சொல்வதையே விட்டிருந்தோம். சொன்னால் அவள் அழுவாளோ என்று எனக்குப் பயம், நான் அழுவேனோ என்று அவளுக்கு. உறவுக்காரர்கள் என்னைக் கண்டாலே மழையைப் பற்றிப் பேசினார்கள். யாராவது செல்வியைப் பற்றி வாய் திறக்கமாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தேன்.

திருவள்ளூரில் காலை 6.10 லோக்கல். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி மாறவேண்டும். இரண்டு வண்டியும் சேர்ந்து தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும், காத்திருந்த நேரத்தோடு மூன்று மணி நேரம். இதைத் தினமும் செய்துவிட்டு வந்தவளிடம் "காபி எங்கே?" என்று கேட்டவன் நான். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய்.

கேட்டிலேயே ஒரு பெண் பிடித்துக்கொண்டார். "செல்வி அக்கா ஊட்டுக்காரரா? வாங்க சார்! எங்க லைன் லீடர் அது. ஒரு டேப்பு கோணலா ஒட்னா போதும், சாவடிச்சிடும்!" சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏழு மாதத்தில் செல்வியைப் பற்றிக் கேட்ட முதல் புகார்!

பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அந்த லைனில் எட்டுப் பெண்கள். மதியம் எல்லா டப்பாவையும் ஒரு பெரிய தட்டில் கொட்டி, கலந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கமாம். வாரத்தில் ஒருநாள் மட்டும் செல்வி டப்பாவைக் கொட்டவிடமாட்டாளாம்.

"அது நீங்க செஞ்ச எலுமிச்ச சோறு சார். ஒரே உப்பு! ஒருவாட்டி வாயில வெச்சிட்டு நாங்க துப்பிட்டோம். அக்கா மட்டும் தனியா குந்திக்கினு முழுசா துன்னும். 'அவரு காலங்காத்தால எழுந்து செஞ்சாரு, வீணாக்கக்கூடாது'ன்னும்."

சாயங்காலம் திரும்பிவரும்போது "ரொம்ப நல்லாருந்துச்சு" என்றுதான் என்னிடம் சொல்வாள். எல்லோர் முன்னாலும் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

நான்கரைக்கு வீடு. கவிதாவிடம் எலுமிச்சம் சாதக் கதையைச் சொன்னேன். முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் நிதானமாக, "எனக்குத் தெரியும்ப்பா. அப்பாகிட்ட சொன்னா தொலைச்சிடுவேன்னு அம்மா மிரட்டி வெச்சிருந்தாங்க" என்றாள். அப்புறம் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு செல்வியைப் பற்றிப் பேசினோம்.

போகிறவர்களுக்கு: ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியில் பூ மூட்டைகள் ஏறும், முன்னதாகவே இடம் பிடியுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது போய்விட்டிருந்தால், அவர் வேலை பார்த்த இடத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். கைக்குட்டை ஒன்று போதாது. முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். நான் கவிதாவை விட்டுவிட்டுப் போனேன், இன்னும் திட்டுகிறாள்.