ஒரே செவ்வாய்க்கிழமையில் ஐந்து மதியச் சாப்பாடு

உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நாளில் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர், நான்கு பெரியவர்களுக்குச் சேர்ந்தாற்போல் சர்க்கரை ஏறி அவதிப்படுவதைப் பார்த்திருக்க மாட்டார்.

சிலிபினில் ஒரு வாடகை வீட்டில் முதியோர் இல்லம் நடத்துகிறேன். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடும் போய், பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர் என்று சிதறிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள்.

கொடுக்கும் நாள் என்று ஒன்று இருப்பதை முதலில் எனக்குச் சொன்னவர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளம் அதிகாரி. நவம்பர் கடைசியில் அமெரிக்காவில் கடைகளெல்லாம் தள்ளுபடி போட்டு, வாங்கு வாங்கு என்று மக்களைத் துரத்துமாம். அந்தக் கூத்து முடிந்து வரும் செவ்வாய்க்கிழமையிலாவது பிறருக்குக் கொடுப்போமே என்று சிலர் ஆரம்பித்தார்களாம். அது கைபேசி வழியாக நாடு நாடாகப் பரவிவிட்டதாம்.

“நல்ல விஷயம்தானே, அக்கா?”

நல்ல விஷயம்தான். அந்த வருடம் அவருடைய ஆட்கள் மட்டும் வந்தார்கள். கோழிக்கறிச் சோறும் புதுத் தலையணைகளும் கொண்டுவந்து, மாலை வரை உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். பெரியவர்களுக்கு ஒரு வாரம் அதுவே பேச்சு.

அடுத்த வருடம் மூன்று கூட்டம் வந்தது. அதற்கடுத்த வருடம் ஐந்து.

ஐந்து பேரிடமும் முன்கூட்டியே கெஞ்சினேன். “சனவரியில வாங்களேன். அப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.”

“அன்னிக்குத்தான் அக்கா உலகமே குடுக்குது. டீ-சட்டையெல்லாம் தேதி போட்டு அடிச்சாச்சு லா.”

சட்டையில் அச்சடித்த தேதியை மாற்ற நான் யார்?

காலையிலேயே முதல் கூட்டம் பிரியாணியோடு வந்துவிட்டது. இரண்டாவது கூட்டமும் பிரியாணி. எங்கள் சமையல்கார அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல், கையில் கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கூட்டம் கேமராவோடு நுழைந்தபோது, தோட்டத்தில் லோரி ஓட்டிய எங்கள் பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

“ஒரே ஒரு வாய், தாத்தா. போட்டோவுக்கு,” என்றாள் ஒரு பெண்.

“சக்கர ஏறுனா நீயா வந்து ஊசி போடுவ? போட்டோவுக்குத் திங்க வேற ஆளப் பாரு.”

அவள் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவளும் நல்ல மனசோடுதான் வந்திருந்தாள். நான் யாரைத் திட்டுவது?

ஐந்தாவது கூட்டமும் வந்து போன பிறகு வீடெங்கும் பொட்டலங்கள். குளிர்ப்பெட்டிக் கதவு மூடவில்லை. சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வராது. பீடோர் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் லயத்திலேயே இருப்பது தெரியும். வேனில் எல்லாவற்றையும் ஏற்றினேன். இன்னொரு கூட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் லோரிக்காரப் பெரியவரும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மழையில் அவ்வளவு தூரம் ஓட்டிப் போனால், லயத்து வாசலில் ஒரு பேனர் தொங்குகிறது. அதே செவ்வாய்க்கிழமை, அதே கொடை, அதே பிரியாணி. லயத்துப் பெண் ஒருத்தி குடையோடு ஓடி வந்தாள்.

“நல்ல வேள வந்தீங்க அக்கா. வண்டியில எடம் இருக்கா? இதுல பாதிய ஏத்திக்கிட்டுப் போயிடுங்க.”

பெரியவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் நின்றது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த லயத்துக்குப் பின்னால் இன்னொரு வரிசை வீடுகள். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வங்காளதேசத்து ஆட்கள் நனைந்தபடி திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தாயிற்றா என்று பேனர்க்காரப் பையனைக் கேட்டேன்.

“அவங்க நம்ம புரோஜெக்ட்ல இல்ல அக்கா.”

வேனைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முதலில் வந்தவர் பொட்டலத்தைத் தொடவில்லை. “பெராப்பா?” என்று விலை கேட்டார். இலவசம் என்றேன். நம்பவில்லை. ஏன் இன்றைக்கு மட்டும் இலவசம் என்று மலாயில் கேட்டார். அமெரிக்கா, தள்ளுபடி, செவ்வாய்க்கிழமை என்று நான் தடுமாறுவதைப் பார்த்து, லோரிக்காரப் பெரியவர் தலையை வெளியே நீட்டித் தோட்டத்து மலாயில் சொன்னார்: “மேலிடத்து உத்தரவு. இன்னைக்கு எல்லாரும் குடுத்தாகணும்.”

மேலிடத்து உத்தரவு அவருக்கு உடனே புரிந்தது. தலையாட்டிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வேன் காலியாகிவிட்டது.

மறு வருடம் எல்லோருக்கும் நானே முந்திக்கொண்டு போன் போட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டைப் பூட்டிவிட்டு லூமுட் கடற்கரைக்குப் போகிறோம், வேறு எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். ஒருவர் என்னை நன்றி கெட்டவள் என்று சொல்லியே விட்டார். ஜெலாப்பாங் அதிகாரி மட்டும், “அப்ப என்ன வேணும், சொல்லுங்க அக்கா” என்றார். சொன்னேன். அடுத்த பிப்ரவரியில் ஒரு மின்சார வேலைக்காரரோடு வந்து, ஓடாத மின்விசிறிகளைச் சரிசெய்து கொடுத்தார். பேனரும் இல்லை, சட்டையும் இல்லை.

மற்றவர்கள்? லூமுட்டிலிருந்து நாங்கள் திரும்பிய சாயங்காலம், பூட்டிய கேட்டில் பிரியாணிப் பைகள் வரிசையாகத் தொங்கின, மழையில் ஊறி. சமையல்கார அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றும்போது வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பை மாட்டியவர்களிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது. பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்வது போல ஒரு சின்ன வீடியோ அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இன்னும் அனுப்பவில்லை.