எண் விழாத கடிதம்

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் அவளைத் தபாலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக மேசைக்கு மேசை கோப்பு சுமப்பவள். உள்ளே வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, உரிய கையில் சேர்ப்பது அவள் வேலை. ஒரு துண்டுச் சீட்டுகூட அவளிடம் தவறியதில்லை. "தபாலக்கா கையில குடுத்தா எமன் ஓலைகூட நேரத்துக்குப் போய்ச் சேரும்" என்று கண்காணிப்பாளர் கிண்டலடிப்பார்.

அதே பல்கலைக்கழகத்தில் மகள் கடைசி வருடம் படித்தாள். புருஷன் போன பிறகு தபாலக்காவுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்தப் படிப்புதான். இன்னும் ஒரு தேர்வு; பட்டம் கைக்கு வந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தத்தில் ஏதோ இரண்டு கும்பல்கள் அடித்துக்கொண்டன. போலீஸ் வந்து, நின்றவன் நடந்தவன் எல்லோரையும் வண்டியில் அள்ளிப்போட்டது. மகளும் அதில் ஒருத்தி. கைது என்று பெயரை எழுதிக்கொண்டு, சாயங்காலம் வழக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்தவள் முகம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தாள்.

"என்னடி எழுதற?"

"கைதானா மூணு நாளுக்குள்ள பல்கலைக்கழகத்துக்கு எழுத்துல தெரிவிக்கணும்மா. சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்காங்க. வழக்கு இல்லாட்டியும் சொல்லணும்."

"குடு. காலையில நானே சேர்த்துடறேன்."

"நீதான் தபாலக்காவாச்சே!" என்று அந்த அலுப்பிலும் சிரித்துக்கொண்டு நீட்டினாள் மகள்.

மறுநாள் முத்திரை மேசை முன்னால் நின்றபோது தபாலக்காவுக்குக் கை எழவில்லை. அவளுக்குத் தெரியாததா? எண் விழுந்தால் கோப்பு பிறக்கும். பிறந்த கோப்புக்குச் சாவு கிடையாது. என்றைக்கோ வந்த ஒரு காகிதம், பத்து வருடம் கழித்து நற்சான்றிதழ் கேட்டு வந்தவனின் காலை வாரியதைக் கண்ணால் பார்த்தவள். வழக்கே இல்லாதபோது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்? உறையைச் சாப்பாட்டுப் பையின் அடியில் செருகினாள்.

"சேர்த்துட்டியாம்மா?" என்று மகள் கேட்டபோது தலையை ஆட்டினாள்.

அடுத்த மாதம் காவல் நிலையத்திலிருந்து கைதானவர்களின் பட்டியல் வந்தது. ஒட்டிய உறை. உள்ளே யார் பெயர் என்று தெரியாமல், அதற்கு எண் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் தபாலக்காதான்.

பதிவாளரின் விசாரணையில் மகள் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எழுதிக் குடுத்தேன் சார். அம்மாதான் சேர்த்தாங்க." பதிவேட்டைப் புரட்டினார்கள். அப்படி ஓர் எண் இல்லை. மகள் திரும்பி, கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

தபாலக்கா பையைத் துழாவி, எண்ணெய்க் கறை படிந்த உறையை மேசைமேல் வைத்தாள். "அவமேல தப்பு இல்லீங்க ஐயா. நான்தான் மறைச்சேன்."

பதிவாளர் அதைப் புரட்டிப் பார்த்தார். "கைதானது குத்தமே இல்லம்மா. அன்னிக்கே வந்திருந்தா, 'பார்த்தேன்'னு ஒரு வரி எழுதி மூடியிருப்பேன். சொல்லாததுதான் குத்தம். அதுக்கு நீக்கறதுதான் விதி. இதை நேத்துதான் வீட்டுல உக்காந்து எழுதினீங்கன்னு யாராவது சொன்னா நான் என்ன பதில் சொல்றது? முத்திரை எங்க?"

முத்திரை அவள் மேசையில்தான் இருந்தது. பத்தொன்பது வருடமாக.

மூன்றாம் நாள் மகளைப் படிப்பிலிருந்து நீக்கும் உத்தரவு தயாரானது. "வேற ஆளை அனுப்பறேன்க்கா" என்றார் கண்காணிப்பாளர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வேணாங்க. என் கையாலயே போகட்டும்."

எண் போட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய், கையொப்பப் புத்தகத்தை மகள் முன்னால் விரித்தாள். மகள் உத்தரவை இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்:

"இதையாவது கொண்டுபோய்க் குடுத்துடுவியாம்மா?"

குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தபாலக்கா தலையை ஆட்டினாள். அன்றைக்கும் இப்படித்தான் ஆட்டியிருந்தாள்.